நடுவானில் இன்ஜின் மிஸ்ஸிங் அடித்தால் விமானியின் கவனம் எங்கே போகிறது?

#1 கப்பலூர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். வெளிமாநிலத்தில் ஒரு பள்ளியில் விமானம் ஓட்டப் படிக்கிறேன். இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். மதுரை வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, நம்ம ஊர் மேலே பறந்தால் எதை எப்படிச் சமாளிப்போம் என்று யோசித்துப் பார்ப்பது வழக்கம். அதில் ஒரு கேள்வி பல நாளாக மனசைக் குடைகிறது.

இன்ஜின் முழுசாக நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்று நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். மூக்கைத் தாழ்த்தி கிளைடு வேகத்தை, அதாவது இன்ஜின் இல்லாமல் மிதக்கும் வேகத்தைப் பிடி (செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானத்தில் மாடலைப் பொறுத்து 65 அல்லது 68 நாட்), இறங்க இடம் பார், அப்புறம் காரணம் தேடு, அப்புறம் ரேடியோ. இதை வாரா வாரம் பயிற்சி செய்கிறோம்.

நான் கேட்பது வேறு. மேலூருக்கு மேலே தரையிலிருந்து 3,000 அடியில் போகிறேன். இன்ஜின் நிற்கவில்லை. உதறுகிறது, ஆர்பிஎம் (இன்ஜின் நிமிஷத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) 2,300லிருந்து 2,000க்கு இறங்கி ஏறி இறங்குகிறது. மதுரை ஓடுதளம் தென்மேற்கே சுமார் 35 கி.மீ. இன்ஜின் இல்லாமல் அந்த உயரத்திலிருந்து 8 கி.மீ.தான் மிதக்க முடியும். இருக்கிற சக்தியில் போனால் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் கண்ணும் கையும் எங்கே இருக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 காட்ரோடு ஓட்டுநர்

தம்பி, எனக்கு ஏரோப்ளேன் தெரியாது. பஸ் ஓட்டி ரிட்டயர்டு ஆனவன், பாதி சர்வீஸ் கொடைக்கானல் ரூட்டு. நீங்க கேட்டது எனக்குப் பழகின விஷயம் மாதிரி இருக்கறதால எழுதறேன்.

காட் ரோட்டுல இறங்கும்போது பிரேக்குக்கான ஏர் குறைய ஆரம்பிச்சா பஸ்ஸர் கத்தும், சிவப்பு லைட் எரியும். புதுசா வந்த டிரைவர் மீட்டரையே பார்ப்பார். ஏன் இறங்குது, எந்தப் பைப்ல லீக்குன்னு மனசு அங்கயே ஓடும். அந்த நேரத்துல வளைவு வந்துரும். பழைய ஆளுங்க சத்தம் கேட்ட உடனே கியரை இறக்கிருவாங்க, வண்டி கைக்குள்ள வந்துரும். அப்புறம் ஒதுங்க மலைப்பக்கம் எங்க இடம் இருக்குன்னு பார்ப்பாங்க. லீக் எங்கன்னு பார்க்கறது வண்டி நின்ன பிறகுதான்.

#3 நாகமலைப் பெண்

#2 ஐயா சொன்னது அச்சு அசலா எங்க வேலையிலயும் நடக்கறதுதான். நான் பயிற்சி விமானி ஆசிரியை. மதுரைக்காரி, வேலை வெளிமாநிலத்துல.

இன்ஜின் சத்தம் மாறின நொடியில நான் கருவிகளைப் பார்க்கறதில்ல, மாணவரோட கண்ணைப் பார்ப்பேன். தொண்ணூறு சதவீதம் பேருக்கு அது ஆர்பிஎம் மீட்டர்ல போய் ஒட்டிக்கும். கை த்ராட்டிலுக்கு (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கற பிடி) போகும், முன்ன பின்ன ஆட்டும். இடது கை தன்னை அறியாம கன்ட்ரோலைத் தன் பக்கம் இழுக்கும், உயரம் குறையக்கூடாதுன்னு உடம்பே முடிவு பண்ணிரும். வேகம் 100, 90, 80ன்னு இறங்கும். அவர் அதைப் பார்க்கவே மாட்டார். வேகம் குறைஞ்சு இறக்கை தாங்காமப் போற நிலைதான் ஸ்டால்; அதை எச்சரிக்கற ஸ்டால் ஹார்ன் ஊளையிட்டாலும் சிலருக்குக் காதுல விழாது. அப்புறமா கேட்டா, "ஹார்ன் அடிச்சுதா மேடம்?"னு உண்மையாவே கேப்பாங்க. பொய் இல்ல. கவனம் ஒரே இடத்துல குவிஞ்சுட்டா காது அடைச்ச மாதிரிதான் ஆகும்.

இன்ஜின் முழுசா நின்னா அந்தக் குழப்பம் கம்மி. சத்தம் போயிரும், முடிவு நம்ம கைல இல்ல, இறங்கியே ஆகணும். பாதி ஓடற இன்ஜின்தான் ஆளை ஏமாத்தும். இப்ப சரியாயிரும், இன்னும் ரெண்டு நிமிஷம் பார்க்கலாம்னு ஆசை காட்டிக்கிட்டே இருக்கும்.

இதுக்கு எண்ணிக்கையே இருக்கு. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் 2000 முதல் 2010 வரை ஒற்றை இன்ஜின் விமானங்கள் புறப்பட்ட உடனே சக்தி இழந்த சம்பவங்களைத் தொகுத்தது. பாதி சக்தி போனது 242, அதுல உயிர் போன விபத்து 9. முழுசா நின்னது 75. அதுல ஒண்ணுகூட உயிர் போன விபத்து இல்ல. எங்க பயிற்சி முழுக்க முழுசா நின்னுபோற கேஸுக்குத்தான், த்ராட்டிலை ஐடிலுக்கு இழுத்து "இன்ஜின் போச்சு"ன்னு சொல்றோம். பாதி போறதைப் பழக்கறவங்க குறைவு. எனக்கு இதுல ரொம்ப நாளா ஆதங்கம்.

#4 உசிலை முன்னாள் படைவீரர்

விமானப்படையில் இன்ஜின் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தவன், தாம்பரத்திலும் சில வருடம். அங்கே ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஹெச்பிடி-32 தீபக் விமானங்கள் இருந்தன. 260 குதிரைத்திறன் லைகமிங் இன்ஜின், ஒற்றை இன்ஜின். வானில் இன்ஜின் நின்ற சம்பவங்களும் விபத்துகளும் தொடர்ந்ததால் 2009ல் தரையிறக்கி நிறுத்தினார்கள். பிறகு 2013 முதல் பிலாட்டஸ் பிசி-7 மார்க் 2 வந்தது. தீபக்கில் பறந்தவர்கள் புறப்படும்போதே எங்கே இறங்குவது என்று மனசில் குறித்துக்கொண்டுதான் போவார்கள். அந்தப் பழக்கம் எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

தம்பி கேட்ட உதறலுக்கு வருகிறேன். கார்புரேட்டர் இன்ஜின் என்றால் முதல் சந்தேகம் ஐஸ். மதுரையில் ஐஸா என்று கேட்காதீர்கள். கார்த்திகை, மார்கழிக் காலை, மழை விட்டு ஈரம் நிறைந்த காற்று, 22, 23 டிகிரி. கார்புரேட்டர் தொண்டைக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பம் 20 டிகிரிக்கு மேலும் இறங்கும். காற்றில் இருக்கும் ஈரம் அங்கே உறைந்து வழியை அடைக்கும். சத்தமே இல்லாமல் ஆரம்பிக்கும்: ஆர்பிஎம் மெல்ல இறங்கும், விமானி யோசிக்காமல் த்ராட்டிலைக் கொஞ்சம் தள்ளிச் சரிசெய்வார், மறுபடி இறங்கும், மறுபடி தள்ளுவார். உதறல் வரும்போது ஐஸ் ஏற்கனவே நிறையக் கட்டியிருக்கும்.

கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் பிடிதான் கார்ப் ஹீட். அதை முழுசாக இழுத்தால் என்ன ஆகும்? சூடான காற்று அடர்த்தி குறைவு, ஆகவே ஆர்பிஎம் இன்னும் குறையும். உருகின தண்ணீர் இன்ஜினுக்குள் போவதால் உதறல் அதிகமாகும். மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பவர் பயந்துபோய் அதைத் திரும்பத் தள்ளிவிடுவார். அங்கேதான் கெடுதல். இழுத்துவிட்டு கையை எடுத்துவிட வேண்டும், அரை நிமிஷமோ அதற்கு மேலோ பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமை வர வேண்டுமானால் கண் வெளியே இருக்க வேண்டும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் கார்ப் ஐஸ் பேச்சு கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

#5 கணக்குப்பிள்ளை

எல்லாரும் "காரணம் தேடாதே, காரணம் தேடாதே" என்கிற பக்கமே சாய்கிறீர்கள். எனக்கு உடன்பாடு இல்லை.

தனியார் விமானி உரிமம் வைத்திருக்கிறேன், பைப்பர் செரோக்கி ஓட்டியிருக்கிறேன். அதில் செஸ்னா 172 மாதிரி "இரண்டு டேங்கும்" என்ற நிலை கிடையாது. இடது அல்லது வலது. மணிக்கணக்கைப் பார்த்து நாமே மாற்ற வேண்டும். மறந்தால் ஒரு டேங்க் காலியாகி இன்ஜின் தடுமாறும், பக்கத்து டேங்கில் பெட்ரோல் நிறைய இருக்கும். டேங்க்கைத் தேர்ந்தெடுக்கும் செலக்டரைத் திருப்பி, பம்ப்பைப் போட்டால் சில நொடியில் உயிர் வந்துவிடும். அதைச் செய்யாமல் நேரே வயலில் இறக்கியவர்கள் உண்டு. நல்ல இன்ஜினைக் கரும்புக்குள் இறக்குவது எந்த வகையில் கெட்டிக்காரத்தனம்?

மேக்னெட்டோவும் அப்படித்தான். இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்க இரண்டு தனித்தனி மேக்னெட்டோ. ஒன்று நேரம் தப்பித் தீப்பொறி விட்டால் பயங்கரமாக உதறும். இடது, வலது என்று மாற்றிப் பார்த்தால் நல்லது எது என்று தெரியும், அதில் ஓட்டலாம். தெரிந்த மனுஷனுக்கு இதெல்லாம் பத்து நொடி வேலை.

#6 நாகமலைப் பெண்

#5 சார், நீங்க சொல்ற கைவேலை எல்லாமே சரி. என் வாக்குவாதம் வரிசையைப் பத்தினது மட்டும்.

தம்பி கேட்ட கேஸையே எடுத்துக்குவோம். 3,000 அடி, இன்ஜின் முழுசா போச்சுன்னே வைங்க. 172ல நிமிஷத்துக்கு ஏறக்குறைய 700 அடி இறங்கும், ஆக நாலு நிமிஷம் இருக்கு. கிளைடு வேகத்துக்கு ட்ரிம் பண்ண, அதாவது கையை விட்டாலும் அந்த வேகத்துலயே நிக்கற மாதிரி வைக்க, அஞ்சு நொடி. வெளிய பார்த்து ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து அந்தப் பக்கம் திரும்ப இன்னொரு பத்து நொடி. அதுக்கப்புறம் தரையிலேர்ந்து தொடங்கி மேல போற மாதிரி கையாலயே தடவிப் போறோம்: செலக்டர், மிக்ஸ்ச்சர் (பெட்ரோல்-காத்துக் கலவைப் பிடி), த்ராட்டில், கார்ப் ஹீட், பம்ப் இருந்தா பம்ப், மேக்னெட்டோ. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பார்வை வெளிய, ஒரு பார்வை வேகத்துல. காரணம் தேடறதுல எந்த நஷ்டமும் இல்ல. வேகத்தை ட்ரிம் பண்ணாம செலக்டரைக் குனிஞ்சு தேடினா என்ன ஆகும்? 172ல அது ரெண்டு சீட்டுக்கும் நடுவுல தரையில இருக்கு. தலையைக் குனிஞ்ச அந்த நேரத்துல விமானம் தன் போக்குல போகும், வேகம் மாறும், இறக்கை சாயும்.

மேக்னெட்டோ சோதனையில ஒரு எச்சரிக்கை: கெட்டுப்போன பக்கத்துக்கு மாத்தினா இன்ஜின் முழுசாவே அடங்கிரலாம். அதை இறங்க இடம் கைக்குள்ள வந்த பிறகுதான் தொடணும், 400 அடியில தொடக்கூடாது.

#7 கணக்குப்பிள்ளை

வேகமும் இடமும் முதலில் என்றால் ஒத்துக்கொள்கிறேன், மேடம். "இறங்கு, தேடாதே" என்று இருந்ததைத்தான் மறுத்தேன். 1,000 அடிக்குக் கீழே தேடுவதற்கு நேரமே கிடையாது என்பதிலும் மாற்றுக் கருத்து இல்லை.

#8 மேலூர் வட்டக்காரன்

எங்க ஊரு பேரு வந்ததால எழுதறேன். விவசாயம்தான் தொழில். மேலேர்ந்து பார்க்கற உங்களுக்கு எங்க நிலம் எப்படித் தெரியும்னு யோசிச்சுப் பார்த்தேன்.

பெரியாறு கால்வாய்த் தண்ணி வந்து நடவு போட்டுட்டா தை வரைக்கும் வயல்ல இறங்காதீங்க. பச்சைப் பாய் விரிச்ச மாதிரி இருக்கும், அடியில சேறு. டிராக்டரே மாட்டிக்கும். முன் சக்கரம் புதைஞ்சா உங்க வண்டி குப்புறக் கவுந்துரும். செங்கரும்பு இன்னும் மோசம், மேலேர்ந்து புல்லு மாதிரி தெரியும், ஆளை விட உசரம். அறுப்பு முடிஞ்ச தாள் வயல் பரவாயில்ல, ஆனா குறுக்க வரப்பு, கோடையில கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும்.

நல்ல இடம் மேட்டுப் புஞ்சை. கடலை பிடுங்கின செம்மண் தரிசு நீளமா கிடைக்கும். கண்மாய் உள்வாய் வத்திக் கிடந்தா தட்டையா தெரியும், நம்பாதீங்க, சீமைக்கருவேல் தூர் நிறைய. கீழவளவு பக்கம் குவாரிப் பள்ளம், அதுல பச்சையா தண்ணி நிக்கும், குளம்னு நினைச்சுராதீங்க, ஓரம் செங்குத்தா இறங்கும்.

முக்கியமா ஒண்ணு. கரண்டுக் கம்பி உங்க கண்ணுக்குத் தெரியாதுன்னு சொல்வாங்க. வயல் நடுவுல சின்னதா ஒரு பம்ப்செட் ரூம் தெரிஞ்சா அதுக்கு எங்கேயிருந்தோ கம்பி வருதுன்னு அர்த்தம். ரோட்டுக்கும் அந்த ரூமுக்கும் நடுவுல குறுக்க இறங்காதீங்க.

#9 கப்பலூர்க்காரன்

அண்ணே, பம்ப்செட் ரூம் விஷயம் எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்க்காதது. கம்பத்தைத் தேடு, கம்பியைத் தேடாதே என்று சொல்வார்கள். கம்பம்கூட மேலிருந்து தெரியாது, கட்டடம் தெரியும். ரொம்ப நன்றி.

மேடம், அப்படியானால் மேலூரிலிருந்து மதுரைக்கு வரலாமா, கூடாதா?

#10 நாகமலைப் பெண்

வரைபடத்தைப் பாருங்க தம்பி. ரோட்டைப் பிடிச்சு வந்தா ஒத்தக்கடை யானைமலை, அப்புறம் நகரம். நகரத்துக்கு மேல இன்ஜின் நின்னா இறங்க இடமே கிடையாது, கீழ இருக்கற ஜனங்களுக்கும் ஆபத்து. அந்த வழி வேண்டாம்.

இன்ஜின் உயரத்தைத் தக்கவைக்கற அளவுக்கு இழுக்குதுன்னா நான் தெற்கே இறங்குவேன். திருவாதவூர், வரிச்சியூர், சிலைமான் வழியா. பெரும்பாலும் திறந்த வெளி. ஒவ்வொரு ரெண்டு கிலோமீட்டருக்கும் "இப்ப நின்னா எங்க?"ன்னு கேட்டுக்கிட்டே போகணும். பதில் இல்லாத இடத்துக்கு மேல போகக்கூடாது. சிலைமான் தாண்டி கிழக்கேர்ந்து 27ஆம் ஓடுதளத்துக்கு (மேற்கு நோக்கி இறங்கற, ஏற்ற திசை) நேரா வரலாம், நகரத்தைத் தொட வேண்டாம். ஆடிக் காத்து மேற்கேர்ந்து அடிக்கற காலத்துல அது எதிர்காத்தாவும் அமையும்.

உயரம் தக்கலன்னா, அதாவது முழு த்ராட்டிலையும் கார்ப் ஹீட்டையும் பார்த்த பிறகும் கிளைடு வேகத்துல உயரம் குறைஞ்சுக்கிட்டே போச்சுன்னா, என் கணக்குல அந்த இன்ஜின் போச்சு. மிச்சம் இருக்கற சக்தி ஒரு நல்ல புஞ்சை வரைக்கும் போக உதவும், அவ்வளவுதான். இந்த முடிவைத் தரையிலயே எடுத்துட்டுப் போகணும். மேல போய் இன்ஜின் உதறும்போது யோசிச்சா ஆசை ஜெயிச்சுரும்.

#11 கோபுர மேசை

அனைவருக்கும் வணக்கம். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். எந்த நிலையம் என்பது முக்கியமில்லை. இந்த விவாதத்தில் எங்கள் தரப்பு இதுவரை வரவில்லை. விமானியின் கவனத்தைச் சிதறடிப்பவர்களில் நாங்களும் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

ஒரு விமானி "இன்ஜின் சரியில்லை" என்றதும் கட்டுப்பாட்டாளருக்குக் கேட்க வேண்டியவை இருக்கும்: விமானத்தில் எத்தனை பேர், எவ்வளவு நேரத்துக்கு எரிபொருள், என்ன செய்யப் போகிறீர்கள். தீயணைப்பு வண்டிக்கும் மீட்புக்கும் இவை தேவை. ஆனால் ஒவ்வொன்றாக, பதில் வந்ததும் அடுத்ததாக, கேட்டுக்கொண்டே இருந்தால் தனியாக ஓட்டும் விமானியின் பாதி மூளை எங்களிடம் வந்துவிடும். ஒரே மூச்சில், ஒரே முறை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் முறை. அலைவரிசையில் இருக்கும் மற்ற விமானங்களையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட வேண்டும். ஓடுதளத்தின் திசையையும் தூரத்தையும் காற்றையும் கேட்காமலே சொல்லிவிட்டால் விமானிக்கு ஒரு கேள்வி மிச்சம்.

விமானிகளுக்கு ஒரு வேண்டுகோள். "ஸ்டாண்ட்பை" என்று ஒரே சொல்லில் எங்களை நிறுத்த உங்களுக்கு முழு உரிமை உண்டு. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் சொல்ல வேண்டியதும் குறைவுதான்: "மேடே" மூன்று முறை, யார், எங்கே, என்ன, எத்தனை பேர். இன்ஜின் உதறுகிறது, இன்னும் இழுக்கிறது என்றால் "பான் பான்" போதும், நிலைமை முற்றினால் மேடேவாக்கலாம். ஏற்கனவே பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே சொல்லுங்கள். அவசர அலைவரிசையான 121.5க்கு மாற்றுகிறேன் என்று குனிந்து குமிழைத் திருகுவது தேவையில்லாத வேலை. நேரம் கிடைத்தால், ராடாரில் உங்களை அடையாளம் காட்டும் ட்ரான்ஸ்பாண்டரில் அவசர எண்ணான 7700ஐப் போடுங்கள்.

#12 உசிலை முன்னாள் படைவீரர்

கோபுர மேசை ஐயா சொன்னதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1989 ஜனவரி 8, இங்கிலாந்தில் கெக்வொர்த். போயிங் 737-400, 126 பேர். இடது இன்ஜினில் விசிறி இறகு ஒன்று உடைந்தது. நடுக்கம், புகை. விமானிகள் வலது இன்ஜின் என்று முடிவுசெய்து அதன் த்ராட்டிலைக் குறைத்தார்கள். தற்செயலாக நடுக்கமும் புகையும் குறைந்தன. சரியானதைத்தான் செய்தோம் என்று நம்பி வலதை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு நடந்ததை முதலிலிருந்து ஒருமுறை அலசிப் பார்க்கக் கேப்டன் தொடங்கினார். அதற்குள் ரேடியோ பேச்சு குறுக்கிட்டது, இறங்கும் விமான நிலையத்துக்கான வேலைகள் வந்தன, அந்த அலசல் முடியவே இல்லை. இறங்கும் நேரத்தில் இடது இன்ஜினும் போனது. 47 பேர் இறந்தார்கள்.

கோளாறு சின்னதாக இருந்தாலும் இதே கதைதான். 1972 டிசம்பர் 29, மியாமி அருகே ஈஸ்டர்ன் 401 என்ற பயணிகள் விமானம். இன்ஜின் கோளாறுகூடத் தேவைப்படவில்லை, ஒரு பல்பு போதும் என்றாகிவிட்டது. மூக்குச் சக்கரத்தின் பல்பு எரியவில்லை என்று காக்பிட்டில் எல்லாரும் அதிலேயே மூழ்கியிருந்தார்கள். ஆட்டோபைலட் உயரத்தை விட்டுவிட்டது. உயர எச்சரிக்கை மணி அடித்தும் யாரும் கவனிக்கவில்லை. இன்ஜின்கள் அத்தனையும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த விமானம் சதுப்பு நிலத்தில் மோதியது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள். இரண்டு சம்பவத்திலும் காக்பிட்டில் ஒருவருக்கு மேல் இருந்தார்கள். சின்ன விமானத்தில் ஒரே ஆள்.

#13 கப்பலூர்க்காரன்

புறப்பட்ட உடனே நடந்தால்? அதுதான் என் பெரிய பயம். மதுரை ஓடுதளம் 2,285 மீட்டர் என்று படித்தேன்.

#14 கணக்குப்பிள்ளை

அந்த நீளம் சின்ன விமானத்துக்குப் பெரிய வரம். 172 இரு நூறு அடி ஏறியிருக்கும்போது முன்னால் இன்னும் பாதி ஓடுதளம் கிடக்கும். இன்ஜின் உதறினால் த்ராட்டிலை இழுத்து, மூக்கைத் தாழ்த்தி, அங்கேயே இறங்கிவிடலாம். மீட்டரைப் பார்த்து யோசிக்கும் ஒவ்வொரு நொடிக்கும் முப்பத்தைந்து, நாற்பது மீட்டர் ஓடுதளம் காலுக்கு அடியில் போய்க்கொண்டிருக்கும்.

#15 நாகமலைப் பெண்

#14 சார் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். அது குளிர்ச்சியான நாள் கணக்கு. சித்திரை, வைகாசியில 40 டிகிரி வெயில்ல மதுரையோட உயரம் 460 அடிதான்னாலும் விமானத்துக்கு அது 3,500 அடி உயரத்துல இருக்கற மாதிரி. ஓட்டம் நீளும், ஏத்தம் மந்தமாகும். அன்னிக்கு 200 அடியில எவ்வளவு ஓடுதளம் மிச்சம்னு அன்னிக்குத்தான் கணக்குப் போடணும்.

ஓடுதளம் முடிஞ்சு 400, 500 அடியில நடந்தா திரும்பி வர்ற ஆசை வரும். வேண்டாம். ஏறும்போது மூக்கு உசந்திருக்கும், சக்தி போன சில நொடியில வேகம் கரைஞ்சுரும். திரும்பறதுன்னா 180 பாகையோட முடியாது, ஓடுதளக் கோட்டுல சேர இன்னும் திரும்பணும். அவசரத்துல 45 பாகை சாய்ச்சா ஸ்டால் வேகம் ஏறக்குறைய ஐந்துல ஒரு பங்கு கூடும், 60 சாய்ச்சா நாப்பது சதவீதம். அந்த நேரத்துல கண் தோளுக்குப் பின்னாடி ஓடுதளத்தைத் தேடிக்கிட்டிருக்கும், வேகமானியைப் பார்க்கவே பார்க்காது. பாதி சக்தி இருந்தா ஆசை இன்னும் பெருசு. #3ல நான் சொன்ன ஒன்பது விபத்தை நினைச்சுக்கோங்க. 27ல ஏறினா முன்னால கப்பலூர், திருமங்கலம் பக்கம், தம்பியோட ஊரு. அங்க எது திறந்த வெளி, எது கட்டடம்னு உங்களுக்கே தெரியும்.

#16 கப்பலூர்க்காரன்

சிட்கோ, டோல்கேட், நாலு வழிச் சாலை. அதைத் தவிர்த்துத் தெற்கே சாய்ந்தால் கரிசல் வெளி இருக்கிறது. முப்பது பாகைக்குள் திருப்பினால் போதும் என்று நினைக்கிறேன். நாளைக்கு வண்டியில் போய்க் கம்பிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

#17 வில்லாபுரம் வாசகி

நான் விமானி கிடையாது. எங்க வீட்டுக்கு மேலதான் விமானம் இறங்கும், அந்த ஆர்வத்துல படிக்கறேன். என் தங்கச்சி மகன் பைலட் ஆகப் போறான், ஒருநாள் என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான். அப்படி ஒரு நேரம் வந்தா பக்கத்துல உக்காந்திருக்கற நான் என்ன செய்யணும்? வாயை மூடிட்டு இருக்கறதா? கெக்வொர்த்துல பயணிகளுக்கு எதுவும் தெரியலையா?

#18 உசிலை முன்னாள் படைவீரர்

நல்ல கேள்வி அம்மா. தெரிந்தது. இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தீப்பொறியைப் பார்த்தார்கள். கேப்டன் வலது இன்ஜின் என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது அவர்களுக்குக் குழப்பமாக இருந்தது. அவருக்குத் தெரியாதா என்று நினைத்து யாரும் வாய் திறக்கவில்லை.

#19 நாகமலைப் பெண்

அம்மா, நான் என்கூட வர்றவங்ககிட்ட இதைத்தான் சொல்வேன்.

இன்ஜின் சத்தம் மாறினா "என்ன ஆச்சு, என்ன ஆச்சு"ன்னு கேக்காதீங்க. தோளைப் பிடிக்காதீங்க. உங்களுக்குப் பதில் சொல்ல நான் திரும்பற நேரம் விமானத்துக்குப் போகவேண்டிய நேரம். ஆனா நான் பார்க்காத ஒண்ணை நீங்க பார்த்தா, புகை, தீ, ஜன்னல்ல எண்ணெய், எதிர்ல கம்பி, எதிர்ல இன்னொரு விமானம், உடனே சத்தமா சொல்லுங்க. "வலது பக்கம் கம்பி", அவ்வளவு போதும். விளக்கம் வேண்டாம். ஃபோன்ல வீடியோ எடுக்காதீங்க, எடுத்தா நீங்க பார்க்கறது திரையைத்தான், வெளிய இல்ல.

நான் வேலையும் குடுப்பேன். "அம்மா, நீங்க இறங்கற இடத்துல கம்பி இருக்கான்னு பாருங்க"ன்னு. பயத்துல உறைஞ்சு போறவங்களுக்கு ஒரு வேலை இருந்தா நிதானம் வரும், எனக்கும் ரெண்டு கண்ணு கூடுதல்.

#20 வில்லாபுரம் வாசகி

நன்றிம்மா. கடைசியா ஒண்ணு. கதவைத் திறந்து வைக்கணும்னு எங்கயோ படிச்சேன். பறக்கும்போதா?

#21 நாகமலைப் பெண்

ஆமா, வயல்ல இறங்கப் போறது உறுதியான பிறகு, தரை தொடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. தாழ்ப்பாளை எடுத்து விட்டா கதவு காத்துல ஒரு விரக்கடை மட்டும் திறந்து நிக்கும், பிச்சுக்கிட்டுப் போகாது. மோதலில சட்டம் கோணினா மூடின கதவு சிக்கிக்கும், உள்ள மாட்டிக்குவோம். அதுக்குத்தான். பெல்ட்டை இடுப்பெலும்பு மேல இறுக்கமா கட்டணும், கண்ணாடி, பேனா எல்லாம் எடுத்துரணும்.

விமானி பக்கத்துல அதே நேரம் செலக்டர் ஆஃப், மிக்ஸ்ச்சர் ஆஃப், மேக்னெட்டோ ஆஃப். மாஸ்டர் ஸ்விட்சை மட்டும் ஃப்ளாப் (இறக்கையோட பின்னோரத் தட்டு) முழுசா இறங்கின பிறகுதான் அணைப்போம், ஏன்னா செஸ்னாவுல ஃப்ளாப் கரண்ட்லதான் ஓடுது. நின்ன உடனே இறங்கி, விமானத்துக்குப் பின்பக்கமா தள்ளிப் போயிரணும். முன்னாடி ப்ரொப்பெல்லர் இருக்கும்.

இதை எல்லாம் இன்ஜின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, விமானம் நிறுத்தற ஏப்ரன்ல நிக்கும்போதே சொல்லிருவேன், கதவுத் தாழ்ப்பாளை உங்க கையாலயே ரெண்டு தடவை திறந்து மூடச் சொல்வேன். மேல போய்ச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்க முடியாது. உங்க தங்கச்சி மகன் கூட்டிட்டுப் போகும்போது இதைச் சொல்லலன்னா நீங்களே கேளுங்க.